நண்டுக்குப் பத்துக் கை சட்டை

என் மகளுக்கு உடம்பு சரியில்லை என்பதை முதலில் சொன்னது அவளுடைய பாவாடைதான். நான் அதன் பேச்சைக் கேட்காமல் தையலைப் பிரித்துவிட்டேன்.

குழந்தைகளுக்குத் துணி தைக்கும்போது இடுப்பிலும் பக்கத் தையலிலும் கொஞ்சம் துணியை உள்ளே மடித்து விட்டுவைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். பிள்ளை வளர வளரப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். எனக்கு வீடு கிள்ளானில், வேலை ரயிலில் போய் வரும் தூரத்தில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல் கடையில். ஊரார் பிள்ளைகளுக்கு ஒரு விரல் அளவு விட்டால் என் மகளுக்கு இரண்டு விரல் விடுவேன். தர்ஷினிக்கு அப்போது ஆறு வயது. அவளை ஒரு தோசை தின்ன வைப்பதற்குள் எனக்குக் கொமுட்டர் ரயில் போய்விடும். அப்படிப்பட்டவள் என்றைக்காவது சதை போடுவாள் என்கிற ஆசையில் விட்ட இரண்டு விரல் அது.

அந்த வருடம் தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. பாவாடையைப் போட்டுப் பார்க்கச் சொன்னால் இடுப்புக் கொக்கி மாட்டவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அங்கேயே உட்கார்ந்து பிரித்துவிட்டேன். அடுத்த வாரம் மறுபடி இறுக்கியது, மறுபடி பிரித்தேன். கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு வந்தன. பக்கத்துத் தெருவில் இருக்கும் என் அண்ணி வந்து பார்த்துவிட்டு, இப்போதுதான் பிள்ளை பிள்ளை மாதிரி இருக்கிறாள், கண் பட்டுவிடும் என்று சொல்லி, உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போட்டார். காலையில் எழுந்ததும் கண் இமை வீங்கியிருப்பதை மட்டும் ஒரு கிளினிக்கில் காட்டினோம். அலர்ஜியாக இருக்கலாம் என்று சிரப் கொடுத்தார்கள்.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் என் கணவர் மோகன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். மகளுக்குச் சப்பாத்து மாட்டிக் கழற்றுவது அவருடைய வேலை. ஒரு நாள் சாயங்காலம் காலுறையைக் கழற்றியபோது, கணுக்காலுக்கு மேலே அது பதிந்த தடம் பள்ளமாகத் தெரிந்தது. பக்கத்தில் விரலால் அமுக்கிப் பார்த்தார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"மாலா, இது சதை இல்லம்மா. தண்ணி" என்றார்.

மறுநாள் வேறொரு கிளினிக்குக்குப் போனோம். அந்த டாக்டர் சிறுநீரைப் பிடித்து வரச் சொல்லி, அதில் ஒரு சின்னப் பட்டையை நனைத்தார். நுனியில் மஞ்சளாக இருந்த கட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாக மாறியது. அவர் ஒன்றும் பதறவில்லை. ஆனால் இன்றைக்கே அரசாங்க மருத்துவமனைக்குப் போய்விடுங்கள் என்று அவர் சொன்ன விதத்தில் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக அங்கே போனோம்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், இப்போது நாங்கள் பரிசோதனைக்குப் போகும் இடத்தில் புதிதாக வரும் அம்மாக்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எப்படிக்கா இருந்தீங்க? வாயால் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் எங்களைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். எழுதி வைத்தால் முழுதாகச் சொல்லலாம்.

நோயின் பெயர் நெஃப்ரோட்டிக் சின்ட்ரோம். வார்டில் எங்களைப் பார்த்தவர் இளம் சீன டாக்டர், பெண். மலாயும் ஆங்கிலமும் கலந்து பொறுமையாகச் சொன்னார். சிறுநீரகம் ஒரு வடிகட்டி. வேண்டாத தண்ணீரை வெளியே விடும், உடம்புக்கு வேண்டிய புரதத்தை உள்ளேயே நிறுத்திக்கொள்ளும். இந்த நோயில் அந்த வடிகட்டியின் கண் பெரிதாகிவிடுகிறது. புரதம் சிறுநீரில் ஒழுகிப் போய்விடும். இரத்தத்தில் புரதம் குறைந்தால் தண்ணீர் அங்கே நிற்காமல் கசிந்து கண், வயிறு, கால் என்று தோலுக்கு அடியில் தேங்கும். அதுதான் வீக்கம். எனக்கு அது மல் துணியில் இழை விலகிப்போன மாதிரி என்று புரிந்தது. ஏன் விலகியது என்று கேட்டேன். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இப்படி வருவதுண்டு, நீங்கள் சமைத்ததாலோ சமைக்காததாலோ வரவில்லை என்றார். பாவாடை கதையையும் சொன்னேன். இங்கே வருகிற பாதி அம்மாக்கள் பிள்ளை குண்டாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டவர்கள்தான் என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக அவருக்கு நான் இன்னும் நன்றி உள்ளவள்.

மருந்து ஸ்டீராய்டு மாத்திரை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது கேட்கும். கேட்டால் பச்சைப் பட்டை மஞ்சளாகும். நாலு வாரம் கொடுத்தும் கேட்கவில்லை என்றால், முதுகுப் பக்கமாக ஊசி விட்டுச் சிறுநீரகத்தில் ஒரு துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும், அதன் பிறகு வழி வேறு, மருந்து வேறு. அவர் சொன்னதில் நல்ல பகுதிதான் பெரியது. எனக்குக் காதில் நின்றது ஊசி மட்டும். நான் ஊசியோடு பிழைக்கிறவள். ஆனாலும் அந்த ஊசி வேண்டாம். மஞ்சள் வர வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் வேறு எதையும் வேண்டிக்கொள்ளவில்லை.

வார்டு நாட்கள் எல்லாம் ஒரே மாதிரி தொடங்கும். விடிந்ததும் முதல் சிறுநீர், பட்டை. பிறகு எடை. பிறகு வயிற்றைச் சுற்றி அளவு. எங்கள் ஊரில் தாதியை மிஸ்ஸி என்போம். மிஸ்ஸி நாடாவைக் கொண்டு வந்து சென்டிமீட்டரில் அளந்து சொல்வார். நான் மனதுக்குள் அதை அங்குலமாக்கிக்கொள்வேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது பதினைந்து வயதுப் பெண்ணின் இடுப்பு. அளவெடுப்பது எனக்குத் தினசரி வேலை, யாருடைய அளவும் என்னைத் தொட்டதில்லை. அந்த நாடா மட்டும் ஒவ்வொரு காலையும் என்னைக் கொன்றது.

மாத்திரையைப் பொடித்துக் கரைத்துக் கொடுத்தால் வேப்பங்காய் தோற்றுவிடும் அவ்வளவு கசப்பு. தண்ணீருக்கு அளவு. சாப்பாட்டில் உப்பு கிடையாது. உப்பென்று கேட்டதும் அண்ணி டாக்டரிடம் போய், வாயில் போடக்கூடாது சரி, சுற்றிப் போடலாமா என்று கேட்டாராம். டாக்டருக்கு அது புரியவில்லை. புரியாமலே தலையாட்டிவிட்டார். அண்ணி அதை அனுமதியாக எடுத்துக்கொண்டார்.

ஆனால் அண்ணி செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். உப்பில்லாமல் மீன் குழம்பும் கீரையும் சமைத்துத் தினமும் பார்வையாளர் நேரத்துக்குக் கொண்டு வருவார். தானும் அதையேதான் சாப்பிட்டார். பிள்ளை, நீங்களும் உப்பு போடவில்லையா என்று கேட்டால் பொய் சொல்லக் கூடாதில்லையா என்பது அவருடைய நியாயம். கருவாடும் சம்பலும் இல்லாமல் சோறு இறங்காத என் அண்ணனையும் சாப்பிட வைத்தார். அண்ணன் ஒரு நாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "தர்ஷும்மா, சீக்கிரம் நல்லாயிரும்மா. மாமாவுக்கு நாக்கு செத்துப் போச்சு லா" என்றார். உடம்பு வீங்கிக் கண் கூடத் திறக்க முடியாமல் கிடந்தவள் அன்றைக்குத்தான் முதலில் சிரித்தாள்.

சிக்கல் கதையில் வந்தது.

எங்கள் வீட்டில் கதை சொல்லும் இலாகா மோகனுடையது. வேனில் மற்றப் பிள்ளைகளை எல்லாம் வீடு வீடாக இறக்கிவிட்ட பிறகு கடைசியில் தர்ஷினி மட்டும் இருப்பாள். அந்த நேரம் அவர்கள் இருவருக்கும் உரியது. விடுமுறை கேட்ட சாலை விளக்கு, சுரங்கப் பாதைக்குப் பயந்த லோரி என்று என்னென்னவோ கதைகள். எந்தக் கதை ஆனாலும் அவளுக்கு ஒரு கேள்வி உண்டு: "அவன் சாப்பிட்டானா?" அவள் சாப்பிட மாட்டாள், ஆனால் கதையில் ஒருவரும் பட்டினி கிடக்கக் கூடாது. லோரிக்கும் சாப்பாடு கொடுத்துவிட்டுத்தான் கதை நகர வேண்டும். கதையில் ராட்சசன் வந்தால், அவன் கெட்டவனா பசியில் இருக்கிறானா என்று முதலில் விசாரிப்பாள்.

அவளுக்கு உயிர் நண்டுக் கதைதான். கிள்ளான் ஆற்றோரச் சேற்றில் இருந்த ஒரு நண்டு, கல்யாணத்துக்குப் போகச் சட்டை தைக்க வேண்டுமென்று பிரிக்பீல்ட்ஸுக்குக் கிளம்புகிறது. எட்டுக் கால், இரண்டு கொடுக்கு, ஆகப் பத்துக் கை வைத்த சட்டை வேண்டும். டிக்கெட் எடுக்காமல் ரயில் ஏறும், பக்கவாட்டில் நடப்பதால் தப்பான கதவில் இறங்கும், வழியில் ரொட்டிக் கடையில் மாட்டிக்கொள்ளும். மாதக் கணக்கில் அந்த நண்டு போய்க்கொண்டே இருந்தது. தையல் கடைக்கு ஒரு நாளும் போய்ச் சேர்ந்ததில்லை.

வார்டில் ராத்திரி தங்க அம்மாவுக்கு மட்டும்தான் அனுமதி. பெண்களும் பிள்ளைகளும் படுக்கும் இடம், ஆண்கள் பார்வையாளர் நேரம் முடிந்ததும் போய்விட வேண்டும். நியாயமான சட்டம்தான். ஆனால் தர்ஷினிக்குத் தூங்கும் நேரத்தில் கதை வேண்டும், அந்த நேரத்தில் கதைக்காரர் வெளியே. போனில் கேட்டுப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று மிஸ்ஸி போனை வைக்கச் சொன்னார். இனி நான்தான் என்று ஆனது. என்னைப் போலக் கதை சொல்லத் தெரியாதவளைப் பார்க்க முடியாது. ஒரு ஊரில் ஒரு நண்டு இருந்ததாம், தூங்கு என்பது வரைதான் எனக்கு வரும்.

முதல் நாள் தட்டுத் தடுமாறி, நண்டு கடைக்கு வந்துவிட்டது என்றேன். அவள் கண்ணைத் திறந்தாள். வந்த நண்டுக்கு அளவெடுக்க வேண்டுமே. மார்பளவு எடுத்தாயிற்று. தோள் எங்கே? நண்டுக்குத் தோளே இல்லை. தோள் இல்லாமல் கை எங்கிருந்து வைப்பது? நான் உண்மையாகவே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். ஓட்டைச் சுற்றி நாடாவை வைத்துப் பத்து இடத்தில் அடையாளம் போட வேண்டும், கொடுக்குப் பக்கம் துணி கிழியும், அங்கே இலாஸ்டிக் கொடுக்க வேண்டும் என்று சத்தமாகக் கணக்குப் போட்டேன்.

"அப்பா சொன்னா நண்டு ஓடும். நீங்க சொன்னா நிக்குதும்மா" என்றாள் தர்ஷினி.

"நிக்காட்டி எப்படிடி அளவெடுக்கிறது?" என்றேன்.

போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அப்ப நிக்கட்டும்" என்று சொல்லித் தூங்கிப்போனாள்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் என் முதலாளி பரமேஸ் அக்கா பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்து நின்றார். தீபாவளிக் கூட்டத்தில் கடையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். கையில் பழம் இல்லை, ஹார்லிக்ஸ் இல்லை, ஒரு பை நிறைய ரவிக்கை. "சும்மா ஒக்காந்திருந்தா மனசு கண்டதையும் நெனைக்கும். கொக்கி தை" என்று மடியில் போட்டுவிட்டுப் போனார். பார்த்தவர்களுக்கு இரக்கமில்லாத மனுஷி என்று தோன்றியிருக்கும். எனக்கு அந்தப் பை கிடைத்த பிறகுதான் மூச்சு வந்தது. ஒரு ஊசி கீழே கிடந்தாலும் உன்னை வெளியே அனுப்பிவிடுவேன் என்று எச்சரித்த மிஸ்ஸியே, இரண்டு நாள் கழித்துத் தன் சீருடைப் பட்டனைக் கொண்டு வந்து கொடுத்தார்.

பையின் அடியில் லைனிங் துணி வெட்டிய துண்டுகள் கிடந்தன. சிவப்பு, கத்தரிப்பூ, மாம்பழ மஞ்சள். ஒரு துண்டை எடுத்து என் உள்ளங்கை அளவுக்கு வட்டமாக வெட்டினேன். தர்ஷினி பார்த்துக்கொண்டே இருந்தாள். நண்டுச் சட்டையின் உடல் அது. அன்றிலிருந்து தினமும் ஒரு கையோ இரண்டு கையோ தைத்துச் சேர்ப்பது எங்கள் கதையாயிற்று. சிவப்புக் கை எதற்கு என்று அவள் கேட்பாள். மொய் எழுதும் கை என்பேன். கத்தரிப்பூக் கை? பாயசம் வாங்கும் கை. உப்பில்லாத பாயசமா என்று கேட்பாள். பாயசத்துக்கு எங்கேடி உப்பு என்பேன். எனக்கே தெரியாமல் நான் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் ஆலியா என்ற மலாய்ப் பெண் குழந்தை, மூச்சிழுப்புக்காகச் சேர்த்திருந்தார்கள். அவள் அம்மாவை, மலாயில் அக்கா என்கிற முறையில், காக் ரோஸ் என்று கூப்பிடுவேன். ஆலியாவுக்குத் தர்ஷினி தன் மலாயில் கதையை மொழிபெயர்த்துச் சொன்னாள், கூடவே தன் சரக்கையும் சேர்த்து. ஆலியா கேட்டாளாம், அது ஹரி ராயா பெருநாளுக்குப் போடும் சட்டைதானே என்று. இவள் இல்லை, கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் என்றாள். பேச்சு முற்றி இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் காக் ரோஸ்தான், அதற்குத்தான் அத்தனை கால் இருக்கிறதே, எல்லார் வீட்டுக்கும் போய் வரட்டும் என்று தீர்த்து வைத்தார். பிள்ளைகளுக்கு அது சரியாகப் பட்டது. அன்றைக்கு ஆலியாவே ஒரு கைக்குத் துணி தேர்ந்து கொடுத்தாள்.

இதையெல்லாம் சொல்லும்போது நாங்கள் ஏதோ விடுமுறைக்குப் போன மாதிரி இருக்கும். அப்படியும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு காலையும் பட்டை பச்சைதான். நூல் கண்டில் நூறு சாயல் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நேற்றைய பச்சையைவிட இன்றைய பச்சை கொஞ்சம் வெளிறியதோ என்று தோன்றும். மிஸ்ஸி டப்பாவின் மேல் இருக்கும் வண்ணக் கட்டத்தோடு வைத்துப் பார்த்துவிட்டு, அதேதான் என்பார். மருந்து கேட்க நாளாகும், இன்னும் நேரம் இருக்கிறது என்று டாக்டர் சொல்வார். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால், நாளைக்குப் பார்க்கலாம்.

பத்துக் கையும் தைத்து முடித்த நாளிலும் பட்டை பச்சையாகத்தான் இருந்தது. அன்றைக்கு டாக்டர் மறுபடியும் அந்த ஊசியைப் பற்றிப் பேசினார். இப்போது இல்லை, ஒருவேளை தேவைப்பட்டால் என்றுதான் சொன்னார். மோகன் வந்தபோது வராந்தாவில் அவரிடம் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. அவரும் அழுதார். பிறகு இரண்டு பேரும் முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனோம்.

அவர் கிளம்பிய பிறகு தர்ஷினி கேட்டாள், "சட்டை முடிஞ்சிருச்சாம்மா? நண்டு இன்னைக்கு வாங்கிட்டுப் போயிருமா?"

முடிந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சட்டை முடிந்தால் கதை முடியும். கதை முடிந்தால் நாளைக்கு இவளுக்கு என்ன இருக்கிறது என்று பயமாக இருந்தது. அப்போது என் வாயில் தானாக வந்தது என் தொழில் வாசகம்தான்.

"முடிஞ்சிருச்சு. பட்டன் மட்டும்தான் பாக்கி. நாளைக்கு வரச் சொல்லு."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பள்ளி விடுமுறையில் என்னோடு கடைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறவள். துணியை வெட்டக்கூட இல்லாமல், முடிஞ்சிருச்சு அக்கா, பட்டன் மட்டும்தான் பாக்கி, நாளைக்கு வாங்க என்று நாங்கள் வாய் கூசாமல் சொல்வதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அந்தப் பொய்யைச் சொல்லாத தையல்காரி இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே கிடையாது.

அதற்கு மறுநாள் நண்டு வந்தது. காலர் சரியாக விழவில்லை, நாளைக்கு வா என்றேன். அடுத்த நாள் வந்தது. ஊரில் கரண்ட் இல்லை, இஸ்திரி போட முடியவில்லை. அதற்கும் அடுத்த நாள், நண்டு சாப்பிட்டதா என்று தர்ஷினி கேட்டாள், இல்லையென்றேன், அப்படியானால் முதலில் சாப்பிட்டுவிட்டு நாளைக்கு வரட்டும் என்று அவளே அனுப்பிவைத்தாள். நாங்கள் இருவரும் சேர்ந்து அந்த நண்டைப் படாத பாடு படுத்தினோம். ஆலியாவுக்கு உடம்பு தேறி வீட்டுக்குப் போகும் நாளும் வந்தது. சட்டை முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் போக மாட்டேன் என்று அவள் அடம்பிடித்தாள். இழுப்புச் சத்தம் இன்னும் கொஞ்சம் இருப்பதாகச் சொல்லி டாக்டர் மேலும் ஒரு வாரம் நிறுத்திவைத்ததில் அவளைத் தவிர வேறு யாருக்கும் சந்தோஷமில்லை.

பிறகு ஒரு நாள் தர்ஷினி அடிக்கடி ஒண்ணுக்குப் போக ஆரம்பித்தாள். போய் வந்து படுப்பதற்குள் மறுபடி வருகிறது என்பாள். கூட்டிப் போய்க் கூட்டி வந்து எனக்குக் கால் வலித்தது. ஆனால் மிஸ்ஸியின் முகம் மலர்ந்துவிட்டது. தேங்கிய தண்ணீர் இறங்குகிறது என்றார். ஒவ்வொரு தடவையும் அளந்து, அப்பாவுக்குப் போனில் செய்தி சொல்லி, இதை ஒரு திருவிழாவாகவே கொண்டாடினோம். எடை இறங்கியது. நாடா ஒரு அங்குலம் தளர்ந்தது. கால் முட்டி எலும்பு வெளியே தெரிந்தது. என் மகளின் எலும்பைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

அந்த வாரத்தில் ஒரு காலை பட்டை மஞ்சளாகவே நின்றது. நனைத்தது போதவில்லையோ என்று நான் இன்னொன்றை நனைக்கச் சொன்னேன். அதுவும் மஞ்சள். டாக்டர் வந்தார், சந்தோஷப்பட்டார், ஆனால் ஒரு நாள் போதாது, தொடர்ந்து மூன்று நாள் மஞ்சள் வந்தால்தான் மருந்து கேட்டது என்று அர்த்தம் என்றார். நாளைக்கும் பார்க்கலாம்.

மறுநாளும் மஞ்சள். நாளைக்கும் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

தர்ஷினி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மலாயில் கேட்டாள், பட்டன் மட்டும்தான் பாக்கியா என்று.

டாக்டர் விழித்தார். காக் ரோஸ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவருக்கு விளக்கினார். தையல்காரர்கள் இப்படித்தான் ஏமாற்றுவார்கள் என்று சொன்னபோது என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் பெருநாளுக்குத் தைக்கக் கொடுத்த ராயா பாஜு கூட எங்கேயோ தாமதமாயிருக்கிறது போல.

மூன்றாம் நாள் காலை டாக்டர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். மிஸ்ஸி கையிலிருந்த பட்டையை வாங்கிப் பார்த்தார். நேராகத் தர்ஷினியின் கட்டிலுக்கு வந்து, அவள் முகத்துக்கு நேராக அதை நீட்டிச் சொன்னார், "பூத்தாங் டா சியாப்."

பட்டன் தைத்தாகிவிட்டது. எனக்கு அவர் வேறெதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சந்தோஷத்தில் வாய் விட்டு அழுதேன், வெட்கப்படவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நண்டு சட்டையை வாங்கிக்கொண்டு போனது. கதையை முடித்தவள் தர்ஷினிதான். கட்டிலைச் சுற்றி மோகன், அண்ணன், அண்ணி, ஆலியா, காக் ரோஸ் எல்லோரும் நின்றோம். நண்டு பத்துக் கையையும் நுழைத்துப் போட்டுக்கொண்டது, கண்ணாடி பார்த்தது, காசு கொடுத்தது, சரியான கதவில் இறங்கியது, கல்யாணப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டது. அந்த வரிக்கு அவள் தன் வயிற்றைத் தடவிக்கொண்டாள். மோகன் என் காதருகே, "மாசக்கணக்கா ஓட விட்டேன். என் நண்டை நீ கொண்டு போயிட்ட" என்றார். பொறாமைதான், வேறென்ன. சட்டையை ஆலியாவுக்குக் கொடுத்துவிட்டாள் என் மகள். எனக்குத்தான் கொஞ்சம் மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்தோம். கொக்கி மாட்டாத அந்தப் பாவாடை இப்போது இடுப்பில் நிற்காமல் நழுவியது. பிரித்த இடத்தில் மறுபடி மடித்துத் தைத்தேன். அந்தத் தீபாவளிக்கு அண்ணி உப்புக் குறைத்துத்தான் முறுக்குச் சுட்டார். வந்தவர்கள் எல்லோரும் தட்டில் மிச்சம் வைக்காமல் தின்றார்கள். ஸ்டீராய்டினால் தர்ஷினிக்கு அகோரப் பசி, ஒரு தோசைக்கு அழுதவள் நான்காவது தோசைக்கு அழுதாள். முகம் நிலாப் போல உருண்டது. வந்தவர்களில் சிலர் பிள்ளை நல்லா பூசினாற்போல இருக்கிறாள் என்றார்கள். நான் சிரித்து வைத்தேன். மருந்தைக் குறைக்கக் குறைக்க முகம் பழையபடி ஆனது.

நோய் அதோடு ஓய்ந்துவிடவில்லை. பிறகும் இரண்டு தடவை பட்டை பச்சையானது. இரண்டு தடவையும் மருந்து கேட்டது. புதிதாக வரும் அம்மாக்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன், இது திரும்பி வரும், வந்தால் உலகம் முடிந்துவிடாது. இப்போது மாத்திரை இல்லாமல் அவள் நன்றாக இருக்கத் தொடங்கி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவளுக்கு வயது பதினொன்று. நண்டுக் கதையை இப்போது வேனில் சின்னப் பிள்ளைகளுக்கு அவள் சொல்கிறாள். மோகனுக்கு ஓட்டும் வேலை மட்டும்தான்.

எனக்கு ஒரு பயம் மட்டும் தங்கிவிட்டது. அவள் துணி எதுவும் இறுக்கக் கூடாது. அதனால் எல்லாவற்றையும் தொளதொளவென்று தைத்து வைத்தேன். நாலு வீட்டுக்குத் தைக்கிறவள் மகளுக்குச் சாக்குப் பை தைத்திருக்கிறாள் என்று பரமேஸ் அக்கா கேலி செய்வார்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. தர்ஷினி பள்ளிச் சீருடையோடு என் முன்னே வந்து நின்றாள். போன வருடம் தொளதொளவென்று தைத்த பினஃபோர் இடுப்பில் மாட்டவில்லை.

நான் குனிந்து அவள் கண் இமையைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நேராக உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் நனைத்த பட்டை இருந்தது, வீட்டிலும் ஒரு டப்பா வைத்திருக்கிறோம். மஞ்சள். பிறகு காலை நாற்காலி மேல் வைத்து, கணுக்காலுக்கு மேலே தானே அமுக்கிக் காட்டினாள். குழி விழவில்லை. நான் நாடாவை எடுத்து வந்து தோளிலிருந்து முட்டி வரை அளந்தேன். போன வருட அளவைவிட மூன்று அங்குலம் கூடியிருந்தது.

"அம்மா, வளந்துட்டேன் லா. இதுக்கெல்லாம் மருந்து இல்ல" என்றாள்.

வெளியே மோகன் வேனை நிறுத்திக்கொண்டு ஹாரன் அடித்தார். எனக்கும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. நாளைக்குப் பிரித்துத் தருகிறேன் என்று என் வாய் பழக்கத்தில் சொல்லத் தொடங்கியது. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, சட்டைக்காக அந்த நண்டு வந்து நின்ற மாதிரியே நின்றாள்.

கத்தரியை எடுத்து அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். ரயில் போனால் போகட்டும். உள்தையலில் விட்டிருந்த இரண்டு விரல் துணியையும் பிரித்துவிட்டேன்.